குடும்பத்தோடு சைக்கிளில் ஆற்றங்கரைக்குப் போக முடியுமா? திண்டுக்கல்லில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

(நமது நிருபர்)

திண்டுக்கல்,

ஞாயிற்றுக்கிழமை. கடை லீவு. ஆபீஸ் லீவு. பள்ளிக்கூடமும் லீவு.

"அப்பா, எங்கேயாவது கூட்டிட்டுப் போப்பா" என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள்.

"ஏங்க, மாசத்துல ஒரு நாளாவது வெளியே போயிட்டு வரலாமே" என்று வீட்டுக்காரம்மா கேட்கிறார்.

கொடைக்கானல் போனால் பஸ், சாப்பாடு, படகு என்று சம்பளத்தில் ஒரு பங்கு காலி. சினிமாவுக்குப் போனாலும் நாலு டிக்கெட், தின்பண்டம், வண்டி நிறுத்தக் காசு என்று பர்ஸ் இளைத்துவிடும்.

காசு செலவில்லாமல் போய் வர ஒரு இடம் வேண்டும். அது ஒரு ஆற்றங்கரையாக இருந்தால் நல்லது. வீட்டில் கிடக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, தூக்குச் சட்டியில் புளியோதரையைக் கட்டிக்கொண்டு காலையில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

இந்தச் சின்ன ஆசை திண்டுக்கல்லில் நடக்குமா? அதைத்தான் இன்று கணக்குப் போட்டுப் பார்க்கிறோம்.

ஆறு எங்கே இருக்கிறது?

திண்டுக்கல் என்றதும் மலைக்கோட்டை ஞாபகத்துக்கு வரும். பூட்டு வரும். பிரியாணி வரும். சிறுமலை வாழைப்பழம் வரும். ஆறு மட்டும் யாருக்கும் ஞாபகத்துக்கு வராது.

மதுரைக்கு வைகை. திருச்சிக்குக் காவிரி. நெல்லைக்குத் தாமிரபரணி. திண்டுக்கல்லுக்கு?

திண்டுக்கல்லுக்கும் ஒரு ஆறு உண்டு. அதன் பெயர் குடகனாறு.

பழனி மலைத்தொடரின் கீழ்ப்பகுதியில் ஓடைகளாகப் பிறக்கிறது. ஆத்தூர் அருகே காமராஜர் நீர்த்தேக்கத்தில் தேங்குகிறது. அங்கிருந்து அனுமந்தராயன்கோட்டை வழியாக வந்து, திண்டுக்கல் டவுனை ஒட்டினாற்போல் வடக்கே திரும்புகிறது. தாடிக்கொம்பு, வேடசந்தூர் வழியாகப் போய், கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு கலக்கிறது. அமராவதி காவிரியில் சேருகிறது. அதாவது திண்டுக்கல்லில் பெய்கிற மழையும் காவிரிக்குத்தான் போகிறது!

டவுனுக்கு நடுவே ஆறு ஓடவில்லை. ஊருக்கு வெளியே போகிறது. அதனால்தான் ஊர்க்காரர்களே அதை மறந்துவிட்டார்கள்.

நாலு இடம், நாலு கணக்கு

குடும்பத்தோடு போகத் தண்ணீர்க்கரை என்று பார்த்தால் நாலு இடம் தேறுகிறது.

முதலாவது, ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம். மலை அடிவாரம். பார்க்கக் கண்கொள்ளாத இடம். ஆனால் திண்டுக்கல்லில் இருந்து இருபது கிலோ மீட்டருக்கு மேல். பிள்ளைகளை வைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தால் மணிக்கு பத்து கிலோ மீட்டர் போகலாம். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல். வரவும் அதே. பழக்கம் இல்லாத குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகாது. இன்னொன்று, அது திண்டுக்கல் மக்கள் குடிக்கிற தண்ணீர். குளிக்கவோ துவைக்கவோ அங்கே இறங்கக் கூடாது.

இரண்டாவது, நிலக்கோட்டைப் பக்கம் அணைப்பட்டி. வைகைக் கரையில் ஆஞ்சநேயர் கோயில். பக்தர்கள் கூட்டம் வரும் இடம். இது ஆத்தூரைவிடத் தூரம். சைக்கிளுக்கு ஆகாது. பஸ் ஏறினால் உண்டு.

மூன்றாவது, மதுரை. வைகையின் இரண்டு கரையிலும் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சாலையும் தடுப்புச் சுவரும் கட்டினார்கள். அறுபது கிலோ மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற ஊர். ரயிலில் போய் நடந்து பார்க்கலாம். சைக்கிளை யார் தூக்கிக்கொண்டு போவது?

நாலாவது, தாடிக்கொம்பு. கரூர் சாலையில் எட்டு கிலோ மீட்டர். குடகனாற்றங்கரையில் சவுந்தரராஜப் பெருமாள் கோயில். விஜயநகர காலத்துச் சிற்பங்களுக்குப் பெயர் போன கோயில். எட்டு கிலோ மீட்டர் என்றால் பிள்ளைகளோடு ஐம்பது நிமிஷம். காலை 6 மணிக்குக் கிளம்பினால் 7 மணிக்குள் ஆற்றங்கரை. 9 மணிக்குத் திரும்பினால் 10 மணிக்கு வீடு!

தூரக் கணக்கில் தாடிக்கொம்புதான் ஜெயிக்கிறது. கோயிலும் இருக்கிறது. ஆறும் இருக்கிறது.

அப்புறம் என்ன தடை? மூன்று தடை இருக்கிறது. ஒன்று வண்டி. இரண்டு ரோடு. மூன்று ஆறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரே பைக்கில் நாலு பேர்

சைக்கிள் எதற்கு, பைக் இருக்கிறதே என்று பலர் நினைப்பார்கள். டேங்க் மேல் சின்னவன். நடுவில் பெரியவள். பின்னால் அம்மா, ஒரு பக்கமாக உட்கார்ந்து. மடியில் சாப்பாட்டுக் கூடை. அப்பா தலையில் மட்டும் ஹெல்மெட். அதுவும் போலீசைக் கண்டால்தான்.

இந்தக் காட்சியை ஞாயிற்றுக்கிழமை எந்த ரோட்டிலும் பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 128-வது பிரிவின்படி, இரு சக்கர வண்டியில் ஓட்டுகிறவரோடு ஒரே ஒரு ஆள்தான் போகலாம். மூன்றாவது ஆள் குழந்தையாக இருந்தாலும் கணக்கில் சேரும். 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி ஆயிரம் ரூபாய் அபராதம். மூன்று மாதம் லைசென்சும் ரத்தாகலாம்.

கேரளாவில் 2023-ல் ரோடு முழுக்க கேமரா வைத்தார்கள். ஏழைக் குடும்பங்கள் பாதிக்கப்படும், அப்பா அம்மாவோடு ஒரு குழந்தையை மட்டும் அனுமதியுங்கள் என்று கேரள அரசு கேட்டது. மத்திய அரசு சம்மதிக்கவில்லை.

நாலு வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையிலான குழந்தையை ஏற்றினால், குழந்தையை ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை வேண்டும். குழந்தைக்கும் ஹெல்மெட் வேண்டும். நாற்பது கிலோ மீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. 2022-ல் அறிவித்து, 2023 பிப்ரவரியில் அமலுக்கு வந்த விதி இது.

பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு வேண்டும், பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அழகு போய்விடும் என்று தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுகிற வாலிபர்கள் உண்டு. அந்த வண்டியிலேயே அம்மாவையும் ஏற்றுகிறார்கள். புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று அரசு ஆஸ்பத்திரி வாசலில் செய்திக்காக நிற்கிற நிருபர்களுக்குத் தெரியும்.

2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியா முழுவதும் சாலை விபத்தில் செத்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். இதில் நூற்றுக்கு நாற்பத்து நாலு பேருக்கு மேல் இரு சக்கர மோட்டார் வண்டியில் போனவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் எது தெரியுமா? நம் தமிழ்நாடுதான். 64 ஆயிரத்து 105 விபத்துகள்.

நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு பைக் போதாது. இரண்டு பைக் இருந்து, இருவருக்கும் லைசென்ஸ் இருந்து, நாலு ஹெல்மெட்டும் இருந்தால் தாராளமாகப் போகலாம். எத்தனை வீட்டில் இது இருக்கிறது?

பரணில் தூங்கும் சைக்கிள்

சைக்கிள் இல்லாத வீடு குறைவு. அதற்கு ஒரு காரணம் அரசின் இலவச சைக்கிள் திட்டம். 2001-02-ல் பிளஸ்-1 படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு ஆரம்பித்தது. பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ்-1 படிக்கும் மாணவ-மாணவிகள் எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

படிப்பு முடிந்ததும் அந்த சைக்கிள் என்ன ஆனது? மாடிப்படி அடியில் நிற்கிறது. டயர் வெடித்துக் கிடக்கிறது. அதன் மேல் துணி காயப் போட்டிருக்கிறார்கள்.

அதை எடுத்துக் கடையில் கொடுங்கள். இரண்டு டியூப், பிரேக் கட்டை, செயினுக்கு எண்ணெய், ஓவராயில் என்று பார்த்தால் குடும்பமே சினிமாவுக்குப் போகிற செலவில் பெரும்பாலும் ஓடுகிற வண்டியாகிவிடும்.

"பொம்பளைங்க சைக்கிள் ஓட்டறதா?" என்று இன்னும் கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தைப் பார்க்கட்டும். 1991-92-ல் அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வயல் வேலை பார்த்த பெண்கள், கல் குவாரியில் வேலை பார்த்த பெண்கள், செவிலியர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். பஸ்சுக்குக் காத்து நிற்பது நின்றது. தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டினார்கள். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். அடுத்தவர் கையை எதிர்பார்த்து நிற்கிற நிலைமை மாறியது.

அது முப்பது வருஷத்துக்கு முன்னால். இன்று திண்டுக்கல்லில் ஒரு அம்மா பிள்ளையைப் பின்னால் வைத்து சைக்கிளில் போனால் என்ன தப்பு?

சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். பெட்ரோல் வேண்டாம். இன்சூரன்ஸ் வேண்டாம். ரோடு மட்டும் வேண்டும். அங்கேதான் இடிக்கிறது.

லாரிக்கு ஒரு ரோடு, சைக்கிளுக்கு?

திண்டுக்கல் ஒரு நாற்சந்தி ஊர். கன்னியாகுமரியையும் சேலத்தையும் இணைக்கிற தேசிய நெடுஞ்சாலை இந்த வழியாகத்தான் போகிறது. முன்னே இதற்கு 7-ம் நம்பர். இப்போது 44-ம் நம்பர். கோவையில் இருந்து திருச்சி, நாகப்பட்டினம் போகிற சாலையும் இங்கேதான் குறுக்கிடுகிறது. தேனி, குமுளி சாலை தனி.

எல்லா ஊர் லாரியும் திண்டுக்கல்லைத் தொட்டுத்தான் போக வேண்டும். ரோடு அகலமாகி இருக்கிறது. வேகம் கூடி இருக்கிறது. சைக்கிளுக்கு என்று தனியாக ஒரு அடி ரோடுகூட ஒதுக்கவில்லை.

கரூர் ரோட்டில் எட்டு வயதுப் பையன் தனி சைக்கிளில் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் பஸ் ஏர்ஹாரன் அடிக்கிறது. பையன் பயந்து இடது பக்கம் ஒடிக்கிறான். ரோட்டுக்கும் மண்ணுக்கும் அரை அடிப் பள்ளம். சக்கரம் இறங்கினால் விழுவான். இடது பக்கம் விழுந்தால் முழங்கால் சிராய்ப்பு. வலது பக்கம் விழுந்தால்?

தாடிக்கொம்பு எட்டு கிலோ மீட்டர்தான் என்றாலும் குடும்பங்கள் பயப்படுவது இதற்காகத்தான்.

வெளிநாட்டில் எப்படி நடந்தது?

ஹாலந்து நாட்டில் எல்லோரும் சைக்கிளில் போகிறார்கள் என்று படிக்கிறோம். அது பிறவியில் வந்த குணம் இல்லை. 1950, 60-களில் அங்கேயும் கார் பெருகி சைக்கிள் குறைந்தது. 1971-ல் மட்டும் அங்கே சாலையில் 3,300 பேர் செத்தார்கள். அதில் குழந்தைகள் 400 பேருக்கு மேல். பெற்றோர்கள் கொதித்துத் தெருவில் இறங்கினார்கள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்றே இயக்கத்துக்குப் பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் சைக்கிளுக்குத் தனிப் பாதை ஊர் ஊராக வந்தது.

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டா. நம்மைப் போல நெரிசல் பிடித்த ஊர்தான். அங்கே 1974-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயின் ரோடுகளில் காரை நிறுத்திவிட்டு சைக்கிளை விட்டார்கள். இன்று ஞாயிறு தோறும் காலை 7 மணி முதல் மதியம் 2 மணி வரை நூறு கிலோ மீட்டருக்கு மேல் ரோடு சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும்தான். மதியம் 2 மணிக்குப் பழையபடி கார் ஓடுகிறது. புது ரோடு போடவில்லை. இருக்கிற ரோட்டில் தடுப்பை வைத்து எடுக்கிறார்கள், அவ்வளவுதான்!

திண்டுக்கல் 1866-ல் நகராட்சி ஆன ஊர். 2014-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. மலைக்கோட்டையைச் சுற்றி ஞாயிறு காலை மூன்று மணி நேரம் வண்டிகளை நிறுத்திப் பார்க்க எத்தனை லட்சம் வேண்டும்? நாலைந்து தடுப்பும் பத்துப் போலீசாரும் போதும்.

கடைக்காரர்கள் வியாபாரம் கெடும் என்று பயப்படுவார்கள். நியாயமான பயம்தான். ஆனால் காலை 6 மணி முதல் 9 மணி வரை எத்தனை கடை திறந்திருக்கிறது? டீக்கடை, இட்லிக் கடை, பழக்கடை. நூறு குடும்பம் சைக்கிளில் வந்து இறங்கினால் இவர்களுக்கு வியாபாரம் கூடுமா, குறையுமா?

ஆற்றின் கதை

சரி, எப்படியோ ரோட்டைத் தாண்டி ஆற்றங்கரைக்குப் போய்விட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே என்ன இருக்கிறது?

மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் பெரும்பாலும் தண்ணீர் இல்லை. சீமைக்கருவேல முள் இருக்கிறது. குப்பை இருக்கிறது. கழிவுநீர் வாடை இருக்கிறது.

திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர் போன ஊர். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில். ஆனால் பச்சைத் தோலில் இருந்து கழுவி விட்ட உப்பும், பதனிடப் பயன்படுத்திய குரோமியமும் ஓடைகளுக்கும் நிலத்துக்கும் போயின. சுற்றுவட்டாரக் கிணறுகள் உவர்ப்பாயின. தென்னையும் நெல்லும் இருந்த இடங்களில் விவசாயிகள் கையைப் பிசைந்தார்கள்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. வேலூர்ப் பக்கம் பாலாறு கெடுவதற்காகப் போட்ட வழக்கு அது. அதில் தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டத் தோல் ஆலைகள் சேர்க்கப்பட்டன. திண்டுக்கல்லும் ஒன்று. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. கெடுத்தவன்தான் ஈடு கட்ட வேண்டும் என்று கோர்ட்டு சொன்னது. தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. கழிவைச் சுத்தம் செய்யாத ஆலையை மூடச் சொன்னது. இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிற தீர்ப்பு இது.

தீர்ப்பு வந்தது. பொது சுத்திகரிப்பு நிலையமும் வந்தது. ஆனால் ஒரு தடவை நிலத்தடியில் இறங்கிய உப்பு கோர்ட்டு உத்தரவைப் பார்த்து வெளியேறிவிடாது. அதற்குப் பல மழை வேண்டும். அதோடு ஊர்ச் சாக்கடையும் சேர்ந்தால் ஆறு எப்படித் தேறும்?

தண்ணீர்ப் பங்கீட்டிலும் தகராறு. ஆத்தூர்ப் பக்கம் ராஜவாய்க்காலுக்கு எவ்வளவு, ஆற்றில் கீழே எவ்வளவு என்று இரண்டு பக்கத்து விவசாயிகளுக்கும் நீண்ட நாள் வழக்கு உண்டு. அனுமந்தராயன்கோட்டைப் பக்கத்து ஜனங்கள், ஆற்றுக்குத் தண்ணீர் விடச் சொல்லிப் போராடி இருக்கிறார்கள். மேலே இருக்கிறவர்களுக்கும் வயல் இருக்கிறது. கீழே இருக்கிறவர்களுக்கும் வயல் இருக்கிறது. இதில் பிக்னிக் போகிற நாம் மூன்றாவது ஆள். நம் ஆசைக்காக யார் வயலும் காயக் கூடாது என்பதை மறக்கக் கூடாது.

அமைதியான ஆறு, ஒரு நாள் ஆத்திரம்

வறண்ட ஆறுதானே என்று லேசாக நினைத்துவிடவும் கூடாது.

1977-ம் ஆண்டு. வேடசந்தூர் அருகே அழகாபுரியில் குடகனாறு அணை கட்டி முடித்த வருஷம். அதே வருஷம் பெருவெள்ளம் வந்தது. ஷட்டர்களைத் தூக்க ஊழியர்கள் ஓடினார்கள். கரண்டு போய்விட்டது. முழுசாகத் தூக்க முடியவில்லை. டீசல் ஜெனரேட்டரை ஓட விட்டும் பயன் இல்லை. வெள்ளம் மண் கரைக்கு மேலே ஏறி வழிந்தது. கரை கரைந்து அணை உடைந்தது!

இந்தியாவில் உடைந்த அணைகளின் பட்டியலில் இன்றைக்கும் குடகனாறு பெயர் இருக்கிறது. வருஷத்தில் பத்து மாதம் மணலாகக் கிடக்கிற ஆறு ஒரே ராத்திரியில் என்ன செய்யும் என்பதற்கு அது சாட்சி.

வெள்ளம் இல்லாத நாளிலும் ஆபத்து உண்டு. மணல் அள்ளிய குழி. மேலே பார்த்தால் முழங்கால் ஆழம் போல் இருக்கும். இரண்டு அடி தள்ளி ஆள் மூழ்கும் பள்ளம். ஓரத்து மணல் கால் வைத்ததும் சரியும். ஒருவன் மூழ்குவான். காப்பாற்றப் போனவனும் மூழ்குவான்.

போலீஸ் நிலையத்தில் இதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. சந்தேகச் சாவு விசாரணை. பழைய சட்டத்தில் 174. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் புதுச் சட்டத்தில் 194. லீவு நாட்களில் இந்தப் பிரிவில் வழக்கு எழுதும்போது, "குளிக்கச் சென்ற இடத்தில்" என்ற வரியைப் பல தடவை படித்தாகிவிட்டது. செத்தவர் வயதைப் படிக்கும்போது கை நடுங்கும். பன்னிரண்டு. பதினாலு. பதினாறு.

அதனால் ஆற்றங்கரைக்குப் போகலாம். ஆற்றுக்குள் இறங்கக் கூடாது. பிள்ளைகளிடம் இதை வீட்டிலேயே சொல்லிக் கிளம்ப வேண்டும்.

கரையை அழகு படுத்தினால் போதுமா?

குஜராத்தில் ஆமதாபாத். சபர்மதி ஆற்றின் இரண்டு கரையிலும் பல கிலோ மீட்டர் நடைபாதை போட்டு 2012-ல் ஜனங்களுக்குத் திறந்து விட்டார்கள். சாயங்காலம் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சைக்கிள் ஓட்டுகிறார்கள். பார்க்க அருமையாக இருக்கிறது. ஆனால் அங்கே தேங்கி நிற்பது நர்மதைக் கால்வாய்த் தண்ணீர். கரையில் குடிசை போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை அப்புறப்படுத்தினார்கள். பல பேரை ஊருக்கு வெளியே அனுப்பினார்கள்.

மதுரையில் வைகைக் கரையில் ரோடு போட்டார்கள். போக்குவரத்துக்கு உதவியது. ஆனால் ஆற்றின் அகலம் குறைந்துவிட்டது என்று குறை சொன்னவர்களும் உண்டு. கரை உயர்ந்தது. உள்ளே சாக்கடை கலப்பது நிற்கவில்லை.

இதில் திண்டுக்கல்லுக்கு என்ன பாடம்?

சிமெண்டு சுவர் வேண்டாம். கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். குடகனாறு சின்ன ஆறு. அதற்குச் சுவர் கட்டினால் அது வாய்க்கால் ஆகிவிடும். முதலில் சாக்கடையையும் குப்பையையும் நிறுத்த வேண்டும். முள்ளை வெட்ட வேண்டும். மணல் குழி இருக்கிற இடத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். கரை மேல் மூன்று மீட்டர் அகலத்தில் மண் பாதை போட்டு இரண்டு பக்கமும் புங்கை, வேம்பு வைத்தால் போதும். கரையில் ஏழைகள் வீடு இருந்தால் மாற்று இடம் கொடுக்காமல் கை வைக்கக் கூடாது.

ஆறு சுத்தமான பிறகுதான் ஜனங்கள் வருவார்கள் என்று அதிகாரிகள் சொல்வார்கள். அதை முழுக்க ஏற்றுக்கொள்ள முடியாது. ஜனங்கள் வந்தாலும் ஆறு சுத்தமாகும். ஞாயிறு தோறும் நூறு குடும்பம் போய் உட்காருகிற கரையில் ராத்திரியில் குப்பை லாரி கொட்டினால் மறுநாளே கேள்வி வரும். யாருமே எட்டிப் பார்க்காத கரையில் என்ன கொட்டினாலும் யார் கேட்பது? பூட்டு ஊரில் காவல் இல்லாமல் கிடப்பது அந்த ஆறு ஒன்றுதான்!

இந்த ஞாயிறு கிளம்புகிறீர்களா?

மாநகராட்சி செய்யட்டும், அரசு செய்யட்டும் என்று காத்திருந்தால் பிள்ளை கல்லூரிக்குப் போய்விடுவான். இப்போதே போக நினைக்கிறவர்களுக்குச் சில யோசனைகள்.

மழை எச்சரிக்கை இருந்தால் போக வேண்டாம். மேலே அணையில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று செய்தி வந்தாலும் போக வேண்டாம்.

சனிக்கிழமை சாயங்காலமே காற்று, பிரேக், செயின் பார்த்துவிடுங்கள். பஞ்சர் சாமானும் கைப் பம்பும் பையில் இருக்கட்டும். ஞாயிறு காலையில் பஞ்சர் கடை திறந்திருக்கும் என்று நம்பாதீர்கள்.

காலை 6 மணிக்குக் கிளம்புங்கள். இருட்டோடு கிளம்ப வேண்டாம். சைக்கிளின் பின்னால் சிவப்பு ஒளிச்சில்லு ஒட்டுங்கள். வெளிர் நிறச் சட்டை போடுங்கள்.

பத்து வயதுக்குக் கீழே இருந்தால் கரூர் ரோட்டில் தனி சைக்கிள் வேண்டாம். கேரியரில் இருக்கை கட்டி உட்கார வையுங்கள். கால் சக்கரக் கம்பிக்குள் போகாமல் இரண்டு பக்கமும் வலைத் தடுப்பு கட்டுங்கள். புடவை, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

வரிசையாகப் போங்கள். பேசிக்கொண்டு ஜோடியாகப் போக வேண்டாம். முன்னால் அம்மா, நடுவில் பெரிய பிள்ளை, கடைசியில் அப்பா. பின்னால் வருகிறவருக்குத்தான் எல்லோரும் கண்ணில் படுவார்கள்.

பெரிய ரோட்டைக் கடக்கிற இடத்தில் எல்லோரும் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடங்கள். இதில் கவுரவம் பார்க்க வேண்டாம்.

ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர். ஆற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். கை கழுவவும் வேண்டாம். கோயில் நடை சாத்தும் நேரத்தை முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தரிசனம், சிற்பம் பார்ப்பது, கரை மர நிழலில் சாப்பாடு. அவ்வளவுதான் புரோகிராம்.

சாப்பிட்ட இலை, பாலிதீன், பாட்டில் எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். கட்டி எடுத்து வாருங்கள். ஆற்றைக் கெடுக்கிறார்கள் என்று திட்டுகிற நாமே கெடுக்கலாமா?

9 மணிக்குத் திரும்புங்கள். நம் ஊர் வெயில் யாருக்கும் காத்திருக்காது.

கவனிப்பார்களா?

ஒரு குமாஸ்தாவும் அவர் வீட்டுக்காரம்மாவும் இரண்டு பிள்ளைகளும் தங்கள் ஊர் ஆற்றைப் பார்த்துவிட்டு உயிரோடு வீடு திரும்ப வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறோம். படகு கேட்கவில்லை. பூங்கா கேட்கவில்லை. எட்டு கிலோ மீட்டர் ரோட்டின் ஓரத்தில் சைக்கிளுக்கு ஒரு பாதை. ஞாயிறு காலை மூன்று மணி நேரம் மலைக்கோட்டையைச் சுற்றி வண்டி இல்லாத தெரு. குடகனாற்றில் சாக்கடை விடாத ஒரு கரை.

முதலில் சொன்னதை நெடுஞ்சாலைத் துறை செய்ய வேண்டும். இரண்டாவதை மாநகராட்சியும் போலீசாரும் சேர்ந்து செய்யலாம். மூன்றாவதற்கு மாசு கட்டுப்பாடு வாரியமும் நீர்வளத் துறையும் உள்ளாட்சிகளும் ஒன்றாக உட்கார வேண்டும். யார் முதலில் உட்காருவது என்பதுதான் வழக்கமான சிக்கல்.

கலெக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் தாடிக்கொம்பு வரை போய்ப் பார்த்தால் பாதி வேலை நடந்துவிடும் என்று நம்புகிறோம். போவாரா?